சிதறாத புள்ளிகள்

அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் அவருக்கு விரிசல் சார் என்று பெயர். வாசலில் அவர் தலை தெரிந்ததுமே யாராவது ஒருவர், "விரிசல் சார் வந்துட்டார், வழி விடுங்க" என்பார்கள். கேட்பவர்களுக்கு ஏதோ அவர்தான் சுவரை உடைத்துவிட்டுப் போனவர் என்று தோன்றும். உண்மையில் அவர் நகராட்சிப் பொறியியல் பிரிவில் அளவையாளர். வாரத்துக்கு இரண்டு முறை, திங்களும் வெள்ளியும், மாடிப்படிச் சுவரில் ஓடும் விரிசலை அளந்து எழுதுவது அவர் வேலை. வயது ஐம்பத்தேழு. சர்வீஸ் முப்பத்தைந்து வருடம். முழங்கால் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டன.

விரிசலின் இரு பக்கமும் பட்டாணி அளவில் பித்தளைக் குமிழ்கள் பதித்திருந்தார்கள், மாடிக்கு ஒரு ஜோடி. இரண்டு குமிழுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் காலிப்பர் என்ற நுண் அளவுகோலால் பார்க்க வேண்டும். பக்கத்தில் தொங்கும் வெப்பமானியையும் பார்க்க வேண்டும். இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். இதற்கு ஒரு ஆளா என்று அலுவலகத்தில் கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்டவர் ஒருவர்கூட அந்த எழுபத்திரண்டு படியை ஏறிப் பார்த்ததில்லை.

சுவர் சும்மா இருக்கும் பொருள் அல்ல. குளிரில் செங்கல் சுருங்கும், விரிசல் திறக்கும். வெயிலில் செங்கல் விரியும், விரிசல் மூடிக்கொள்ளும். அதில் ஆபத்தில்லை. வெயிலையும் குளிரையும் கழித்த பிறகும், நாள் போகப் போக விரிசல் தானாகத் திறந்துகொண்டே போகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு டிகிரிக்கு எவ்வளவு, ஒரு நாளுக்கு எவ்வளவு என்று இரண்டு எண்களைப் பிரித்தெடுத்தால் போதும். முதல் எண் எப்படி இருந்தாலும் கவலையில்லை. இரண்டாவது எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிற வரை பதினெட்டுக் குடும்பங்களும் அங்கே நிம்மதியாகத் தூங்கலாம். வருடத்துக்குக் கால் மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டும். துறையின் விதி அது.

எண்கள் கேட்டவுடன் கைக்கு வந்துவிடாது. கை நடுங்கும், காலிப்பர் சாயும், தெருவில் லாரி போனால் படிக்கட்டே அதிரும். அளவுகளைக் கிராஃப் தாளில் குறித்தால் புள்ளிகள் தரையில் சிந்திய கடுகு மாதிரி கிடக்கும். அந்தக் கடுகுக்குள்ளிருந்து ஒரு நேர்கோட்டைக் கண்டுபிடிக்கும் வழிக்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று பார், அந்த விலகலை வர்க்கமாக்கு, எல்லாவற்றையும் கூட்டு, எந்தக் கோட்டுக்கு அந்தக் கூட்டுத்தொகை மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் கோடு. கல்யாணமான புதிதில் மனைவி, "ஞாயித்துக்கிழமையும் அப்படி என்னதான் கணக்கு?" என்று கேட்டபோது அவர் விளக்கினார்.

"உன் பெரிய மாமாவை எடுத்துக்கோ. நம்ம கல்யாணத்துல மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வாசல்லயே நின்னாரே. மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு தள்ளி நிக்கிற ஆளை நாலு மடங்கு தாங்கணும். மூணு மடங்குன்னா ஒன்பது. யாரையும் விட முடியாது, யார் சொல்றதையும் முழுசா கேக்கவும் முடியாது. எல்லாருக்கும் மனசு கொஞ்சம் கொஞ்சம் கோணும். ஆனா மொத்தக் கோணல் கம்மியா இருக்கும்."

"அப்போ உங்க சித்தப்பா?"

"அவரைக் கணக்குலயே சேக்கக் கூடாது."

"பிடிக்காதவரை விட்டுட்டுப் போட்டா அது கணக்காங்க?" என்றாள் அவள். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் கணக்கின் மென்னியைப் பிடிக்கத் தெரிந்தவள்.

நில அளவைச் சங்கிலி இழுக்கும் ஆளாகத்தான் அவர் வேலைக்குச் சேர்ந்தார். இந்த முறையை மதிய இடைவேளைகளில், துறையின் பழைய கையேட்டைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டார். மூன்று சமன்பாடு, மூன்று தெரியாத எண்: அந்த இரண்டும், கோடு எங்கிருந்து கிளம்புகிறது என்பதும். ஏழாம் எண் பொத்தான் தேய்ந்துபோன கால்குலேட்டரை வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகக் கூட்டுவார். பிறகு கம்ப்யூட்டர் வந்து ஒரு தட்டலில் எல்லாம் முடிந்தது. இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வேறு பெருமை எதுவும் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

முதல் இரண்டு வருடம் இன்னொரு அளவையாளரும் கூட வந்தார். ஒருவர் அளப்பார், மற்றவர் எழுதுவார், இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். இரண்டாவது எண் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. கட்டடம் நகரவில்லை, மூச்சு விடுகிறது, அவ்வளவுதான். அப்புறம் சிக்கனம் என்று சொல்லி அந்த இரண்டாவது ஆளின் பணியிடத்தையே ஒழித்துவிட்டார்கள். அளவு நோட்டில் இரண்டாவது கையெழுத்துக்கான பத்தி மட்டும் காலியாக அப்படியே இருந்தது.

பதினாறு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு மெதுவாகத் திரும்பியது. விடிகாலையில் அவர் எழுந்து அவளைக் குளிப்பாட்டி, துணி மாற்றி, ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டி, மாத்திரை கொடுத்து, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைப்பார். ஒன்பது மணிக்கு மச்சினி வருகிறவரை அவள் தனியாக இருப்பாள். அவர் ஏழரை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார். மருத்துவமனையில் அவள் கைப்பிடியின் பலத்தை மாதாமாதம் அளந்து ஒரு அட்டையில் எழுதித் தந்தார்கள். ஊரில் உள்ள எல்லாவற்றுக்கும் கோடு போட்டவர் அந்த அட்டைக்கு மட்டும் கோடு போடவில்லை. சரிவு எந்தப் பக்கம் வருமோ என்று பயம்.

முதல் பொய் மழை பெய்த ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. இரவு முழுக்க அவளுக்குக் கால் குடைச்சல், அவருக்கும் தூக்கமில்லை. மூன்று மாடி அளந்தாகிவிட்டது. நாலாவது மாடிக்குப் பதினெட்டுப் படி. முழங்கால் ஒரே அடியாக மாட்டேன் என்றது. அவர் படியில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தார். வெப்பநிலை தெரியும். தேதி தெரியும். கோடு கையில் இருக்கிறது. வெப்பநிலையைப் போடு, நாளைப் போடு, விடை வந்து விழுகிறது. மேலே ஏறினாலும் இதுதானே வரப்போகிறது? அவர் எழுதினார். ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் இரண்டு பங்கு கூட்டியே எழுதினார். உண்மை மாதிரி தெரிய வேண்டுமே.

இந்தத் தப்பை வேறு யாரும் செய்ய முடியாது. சோம்பேறி வாயில் வந்த எண்ணை எழுதுவான், அகப்பட்டுக்கொள்வான். இவர் கோட்டைக் கேட்டு எழுதினார். கோட்டிலிருந்து அளவு; அந்த அளவிலிருந்து மறுபடி கோடு. தன் சாட்சியைத் தானே சொல்லிக்கொண்டது அந்தக் கோடு. அதன் பிறகு பதினான்கு மாதத்தில் நாலாவது மாடிக்கு நூற்று இருபது அளவுகள் எழுதியிருந்தார். அதில் மேலே ஏறி எடுத்தவை இருபத்து மூன்று, அதுவும் அநேகமாக முதல் சில மாதங்களில்.

அந்த இருபத்து மூன்றும் ஏதோ சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஒரு தடவை கோட்டுக்கு மேலே இரண்டு பங்கு, பிறகு மூன்று பங்கு. காலிப்பர் சாய்ந்திருக்கும் என்று நினைத்தார். கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தார். ஒவ்வொரு உண்மையும் கோட்டைக் கொஞ்சம் மேலே தூக்கப் பார்க்கும். அடுத்து வரும் பொய்கள் அதைக் கீழே அமுக்கிவிடும். சுவரைவிடக் கோட்டை நம்பிவிட்டார் மனிதர். முப்பத்தைந்து வருடப் பழக்கம் செய்த வேலை.

அலுவலகத்தில் அவருக்கு மேலதிகாரி ஒரு இளம் பொறியாளர். பொறுமையான பெண், எதையும் இரண்டு தடவை பார்ப்பவர். ஒரு புதன்கிழமை அவரைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"நாலு வருஷ டேட்டா சார். நாலாவது மாடியைப் பாருங்க. மத்த மாடியெல்லாம் சிதறுது, இது மட்டும் கோட்டு மேலயே உக்காந்திருக்கு. எப்படி சார் இவ்வளவு சுத்தமா அளக்கறீங்க?"

"பழக்கம்தான் மேடம்" என்றார்.

"இந்த மாதிரிக் கட்டடத்துல மேல போகப் போகத்தான் விரிசல் அதிகமாத் தெறக்கும். மேல பூஜ்யம்னா எங்கயும் பூஜ்யம்தான். சிதறல் இவ்வளவு கம்மியா இருக்கறதால அந்தப் பூஜ்யத்தைத் தாராளமா நம்பலாம். பக்கத்து மனையில அடித்தளம் தோண்டறாங்களேன்னு ஒரு பயம் இருந்துச்சு. உங்க அளவைப் பாத்ததும் போயிடுச்சு. திங்கக்கிழமையோட கண்காணிப்பை முடிச்சு, பாதுகாப்புச் சான்றிதழ் குடுத்துடலாம்."

சான்றிதழ் கொடுத்துவிட்டால் அப்புறம் அந்தச் சுவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அவர் எழுபத்திரண்டு படியும் ஏறினார். கைப்பிடியைப் பிடித்து, படிக்கு ஒரு மூச்சு விட்டு ஏறினார். கோட்டின்படி விரிசல் ஒன்று புள்ளி ஒன்று இரண்டு மில்லிமீட்டர் இருக்க வேண்டும். காலிப்பர் ஒன்று புள்ளி ஏழு ஒன்று காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். ஏழு ஒன்று. கையை மாற்றி வைத்தார். ஏழு பூஜ்யம். அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மனைவியின் நாற்காலிக்குப் பக்கத்தில் மேசையைப் போட்டுக்கொண்டு நோட்டுகளைத் திறந்தார். எது உண்மை, எது பொய் என்று கண்டுபிடிப்பது கஷ்டமாகவே இல்லை. சுவரில் நோட்டை அழுத்தி, நின்றுகொண்டு எழுதியவை கோணல் மாணலாக இருந்தன. படியில் உட்கார்ந்து எழுதியவை முத்து முத்தாக இருந்தன. முத்துகளை எல்லாம் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார். தொண்ணூற்றேழு. மீதி இருந்ததை வைத்துப் பத்தி பத்தியாகக் கூட்டினார். இரண்டாவது எண் வந்தது. ஒரு நாளைக்கு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றேகால், ஒன்றரைப் பங்கு. அதை முந்நூற்று அறுபத்தைந்தால் பெருக்கினார். வருடத்துக்கு அரை மில்லிமீட்டர்.

"என்னங்க... முகம்... ஒரு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும் அவளுக்கு.

அவர் சொன்னார். மறைக்கவில்லை. மறைக்கிற தெம்பும் இல்லை.

அவள் இடது கையால் நோட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு, "என்னாலயா?" என்றாள்.

"உன்னால இல்ல. படி ஏறாதது நான்."

"வேலை போயிடுமா?"

"போகலாம்."

"அவங்ககிட்ட... எப்ப சொல்வீங்க?"

"நாளைக்கு."

"ஏன்... நாளைக்கு வரைக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். எந்த அலுவலகத்தைச் சாக்குச் சொல்வது? பொறியாளருக்கு போன் செய்து, திங்கள் காலை எட்டு மணிக்குச் சந்திக்க வேண்டும், சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

திங்கள் காலை நோட்டுகளை மேசையில் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார். பொறியாளர் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தொண்ணூத்தேழு பொய்னு சொல்றீங்க."

"ஆமா மேடம்."

"இருபத்து மூணு உண்மைன்னும் நீங்கதான் சொல்றீங்க."

அவர் தலை குனிந்தது. இது அவருக்குத் தோன்றவே இல்லை. பொய்யை எடுத்துவிட்டால் மீதி உண்மை என்று ஏற்றுக்கொள்வார்கள் என்று குழந்தை மாதிரி நினைத்திருந்தார். அவர் கையெழுத்து ஒன்று கெட்டால் எல்லாம் கெட்டதுதான்.

"இதை வெச்சு நான் பதினெட்டுக் குடும்பத்தை வெளியே போகச் சொல்ல முடியாது சார். உள்ள இருங்கன்னும் சொல்ல முடியாது. என்ன பண்ணட்டும்?"

கணக்கென்று வந்தால் அவருக்கு அந்தச் சோர்விலும் மூளை தானாக நகர்ந்தது. "என்னை நம்ப வேண்டாம் மேடம். முதல் ரெண்டு வருஷ அளவுல ரெண்டு கையெழுத்து இருக்கு. அதை மட்டும் வெச்சுக் கோடு போடுங்க. இன்னையில இருந்து பத்து நாள் நீங்களே வந்து அளங்க. கட்டடம் நகரலைன்னா உங்க பத்துப் புள்ளியும் கோட்டுக்கு மேல கொஞ்சம், கீழ கொஞ்சம்னு சிதறும். சிதறலைன்னா..."

மேலே சொல்லத் தேவை இருக்கவில்லை. பொறியாளர் காலிப்பரை எடுத்துக்கொண்டார்.

பத்து நாள் காலையும் இருவரும் ஏறினார்கள். பொறியாளர் அளந்தார், அலுவலகத்திலிருந்து வந்த ஓர் எழுத்தர் எழுதினார். இவர் நோட்டைத் தொடக்கூடாது என்று உத்தரவு. காலிப்பர் சாயும்போது, "கொஞ்சம் நிமித்திப் பிடிங்க மேடம்" என்று சொல்ல வாய் துறுதுறுக்கும்; அடக்கிக்கொள்வார். வெயிலடித்த நாளும் இருந்தது, மேகமூட்டமும் இருந்தது. லாரிகளும் போயின. அளவுகள் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஆனால் பழைய கோட்டின் மேலே அரை மில்லிமீட்டருக்குக் குறைந்து ஒன்றுகூட விழவில்லை. பத்தும் ஒரே பக்கம். தள்ளி நிற்பவர் ஒருவரென்றால் சமாதானம் சொல்லலாம். வீடே ஒரு பக்கமாக நின்றால், கோடுதான் தப்பு.

பத்தாம் நாள் பொறியாளர் படிக்கட்டிலேயே உட்கார்ந்து கணக்கைப் போட்டு முடித்து, லேப்டாப்பை மூடினார். "காலி பண்ணச் சொல்லிடலாம் சார்" என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. "உங்க விசாரணை தனியா நடக்கும். அதுல என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"வேண்டாம் மேடம்."

"சனிக்கிழமை நோட்டீஸ் குடுக்கணும். அவங்களுக்குத் தெரிஞ்ச முகம் உங்களோடதுதான். வருவீங்களா?"

வந்தார். கதவு கதவாகத் தட்டி, தாளைக் கையில் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் மாற்று இடத்துக்குப் போக வேண்டும் என்று சொன்னார். நான்கு வருடமாக ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றவர்கள் இன்றைக்கு என்ன திடீரென்று, எனக் கேட்டவர்கள் கேட்டார்கள். தாளைக் கிழித்து அவர் காலடியில் போட்டார் ஒருவர். அடுத்த பரீட்சை வரை பொறுக்கக்கூடாதா என்று கெஞ்சினாள் ஒரு தாய். எல்லோரிடமும் அவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். அளவை நான் ஒழுங்கா எடுக்கல, தப்பு என்னோடது. சொல்லச் சொல்ல அந்த வார்த்தைகள் உப்புச் சப்பில்லாமல் போயின. மூன்றாவது மாடியைத் தாண்டும்போது முழங்கால் எரிந்தது. இப்போது அதை அவர் சட்டை செய்யவில்லை.

நாலாவது மாடியில் விரிசலை ஒட்டிய வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. முன்பெல்லாம் அவர் அளக்க வந்தால் ஸ்டூலைக் கொண்டுவந்து வாசலில் போடுவாள். இன்று கதவு திறந்தே இருந்தது. உள்ளே இரண்டு தையல் மெஷின்கள். முன்பு ஒன்றுதான் இருந்தது. அறைக்குக் குறுக்கே புதிதாக ஒரு திரை தொங்கியது. அதற்குப் பின்னால் குழந்தைகள் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் குழந்தைகள் கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

அவள் தாளை வாங்கி, நிதானமாக முழுக்கப் படித்தாள்.

"தப்பு என்னோடதும்மா" என்று அவர் ஆரம்பித்தார். "நான் மேல வராமலே..."

"தெரியும் சார். மெஷின்ல உக்காந்தா எனக்குப் படிக்கட்டுச் சத்தம் எல்லாம் கேக்கும். உங்க செருப்புச் சத்தம் மூணாவது மாடியோட நின்னுடும்."

"அப்பவே ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"எதுக்குச் சார் சொல்லணும்?" அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. "பாக்க வேண்டியது எதுவும் மேல இல்லை, அதனாலதான் நீங்க வர்றதில்லைன்னு நெனச்சேன். மனசுல இருந்த பாரமே இறங்கிடுச்சு. அந்த வாரமே அக்காவுக்கு போன் பண்ணி, இனி பயமில்லை, குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு இங்க வந்துடுன்னு சொன்னேன்."